உள்ளே விட்ட துணி

ஜூன் 3

ஊசிக்கு,

நலம்தானே. உனக்குக் கடிதம் எழுதி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நம் கோபதாபமெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது வேலை விஷயம்.

தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். உடுப்புத் துணியை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். நல்ல துணி, பார்த்து வெட்டு. இங்கே தெருமுனைத் தையல்காரியிடம் கொடுத்தால் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விடும். அவர்கள் அதை விரும்பவில்லை. அதனால்தான் உன்னிடம் வந்தேன். வெளியூரில் தைத்தால் செய்தி பரவாது என்று மாமாவும் ஒப்புக்கொண்டார்.

அளவு: தோள் பன்னிரண்டரை. மார்பு இருபத்தெட்டு. இடுப்பு இருபத்துமூன்று. இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதற்குத் தகுந்த மாதிரி தை. உள்ளே நிறையத் துணி விடு, பின்னால் பிரித்து விட வசதியாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசிக்குள் வேண்டும். போன் செய்யாதே. போன் மாமாவிடம் இருக்கிறது, அவருக்கு வேலை நேரத்தில் தொந்தரவு. பதில் வீட்டு முகவரிக்கே எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிட மாட்டாய், தெரியும்.

அக்கா

*

ஜூன் 9

அக்காவுக்கு,

பார்சல் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தோஷம் அளவு எழுதிய வரி வரைக்கும் இருந்தது.

எங்கள் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வயசானவர், அதிகம் பேச மாட்டார். அளவைப் படித்துவிட்டு, “இது பள்ளிக்கூட யூனிஃபார்ம் அளவும்மா. துணிய மாத்தி அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

அக்கா, நான் எத்தனையோ கல்யாண உடுப்பு தைத்திருக்கிறேன். எல்லோரும் உடம்போடு ஒட்டத்தான் தைக்கச் சொல்வார்கள். உள்ளே துணி விடு, பின்னால் பிரித்து விட வேண்டும் என்று எந்தக் கல்யாண வீட்டாரும் சொன்னதில்லை. வளர்கிற பிள்ளைக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். நீ அம்மா, உனக்குக் கை தானாக அப்படி எழுதியிருக்கிறது.

இடது தோள் இறக்கம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? குழந்தையில் மதில் ஏறி விழுந்து தோள் எலும்பு முறிந்து, கட்டுப் போட்ட கையோடு என் மடியில் கிடந்து, “சித்தி, நான் திரும்ப ஏறலாமா?” என்று கேட்டது யார்? இது வாலுவுக்குத் தைக்கிற உடுப்பு. உன் மகளுக்கு. அவளுக்கு இன்னும் பதினைந்துகூட முடியவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதேபோல் ஏற்பாடு செய்தபோது பாட்டில் கழுவும் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போய் வாசலில் நின்றோமே, நினைவிருக்கிறதா? நீயும்தான் நின்றாய், என் பக்கத்தில். கொட்டகையில் பிள்ளைகளுக்கு நடக்கிற மாலை வகுப்புக்கு எந்தப் பெண் இரண்டு நாள் வரவில்லையோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது, அவளே வெளியே வந்து தன் வாயால் பதில் சொல்லும்வரை நகராமல் இருப்பது என்று பேசி வைத்தோம். அந்தக் கல்யாணம் நின்றது. அதற்காக மாமா என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். நீயும் என் பையை எடுத்து வாசலில் வைத்தாய். அதை நான் மறக்கவில்லை. இப்போது அதே மாமா சொல்கிறார் என்று உன் பெண்ணுக்கே அளவு எடுத்திருக்கிறாய்.

நான் தைக்க மாட்டேன். இன்றே ஸ்பீக்கர் அக்காவுக்கு எழுதப்போகிறேன். அவள் ஒருத்தி கத்தினாலே போதும், கொட்டகை முழுக்க உன் வாசலுக்கு வந்துவிடும். 

உண்மையைச் சொல். மாப்பிள்ளை யார்?

ஊசி

*

ஜூன் 15

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். குழந்தை நலமாக இருக்கிறாள். நீ நினைப்பது போல் எதுவும் இல்லை. பெரியவர்கள் எது செய்தாலும் பிள்ளையின் நன்மைக்காகவே செய்வார்கள். மாப்பிள்ளை நல்ல குடும்பம், சொந்தமாகக் கிடங்கு இருக்கிறது.

நீ ஸ்பீக்கர் அக்காவுக்கோ வேறு எவருக்கோ எழுத வேண்டாம். எழுதியிருந்தால் தவறுதலாக எழுதிவிட்டதாக மறுபடி எழுதிவிடவும். குடும்ப விஷயத்தில் வெளியார் மூக்கை நுழைப்பது யாருக்கும் நல்லதல்ல. உனக்கும் நல்லதல்ல.

உடுப்பை விரைவில் முடித்து வைக்கவும். நாள் முன்னதாக வைக்கப்பட்டுள்ளது. வாங்கிக்கொள்ள ஆள் வருவார்.

இப்படிக்கு
அன்புள்ள அக்கா

*

ஜூன் 16

ஊசி,

நேற்றுத் தேதி போட்டு வந்திருக்கும் கடிதத்தை நான் எழுதினேன், ஆனால் நான் எழுதவில்லை. அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். நான் எந்தக் காலத்தில் உன்னை அன்புள்ள தங்கை என்று கூப்பிட்டிருக்கிறேன்? அந்த ஒரு வரியிலேயே நீ கண்டுபிடித்திருப்பாய் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இதைக் கொட்டகையில் பாட்டில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஈரம், எழுத்து ஊறியிருக்கும். இனி வீட்டுக்கு எழுதாதே. கொட்டகை மேஸ்திரியம்மா பெயருக்கு எழுது, அவள் பிரிக்காமல் கொடுப்பாள்.

உன் கடிதத்தைப் பிரித்தது அவர்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து கை கழுவினார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குப் பழக்கம். நேராகப் போய் வாலுவின் புத்தகப் பையை எடுத்துப் பரணில் போட்டார், அவளைப் பின் அறைக்குள் போகச் சொன்னார், வெளியே பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சாப்பாடு கொடுக்கும்போது மட்டும் திறக்கிறார், பக்கத்திலேயே நிற்கிறார். நீ கோபத்தில் நாலு வரி எழுதிவிட்டாய், உள்ளே இருப்பது அவள். உன்னைக் குறை சொல்லவில்லை. குறைதான் சொல்கிறேன், என்ன செய்வது.

மாமாவை அரக்கன் என்று நினைக்காதே. நினைத்தால் அவரை எப்படிச் சமாளிப்பது என்று உனக்குத் தெரியாமல் போய்விடும். போன வருஷக் கடைசியிலிருந்து வாலு பள்ளி விட்டு வரும் சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் அவள் பின்னாலேயே வரும். ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத வண்டி. ஒருநாள் அவள் பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். முகத்தைத் துணியால் கட்டியிருந்தானாம். அவள் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அன்றைக்கு அவள் அப்பா அழுததை நான் பார்த்தேன். “கட்டிக் குடுத்துட்டா ஒருத்தன் கை வைக்க மாட்டான்” என்று அன்றைக்கு ஆரம்பித்தவர். அவர் எடை போடுகிற கிடங்கின் முதலாளி தம்பிக்குப் பெண் தேடுகிறார்கள் என்றதும் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டார்.

இனிமேல் எழுதப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. பெண் பார்க்க அந்தத் தம்பி வந்தான். வயசு முப்பது இருக்கும். நன்றாகத்தான் பேசினான். அவன் கிளம்ப எழுந்தபோது வாலு வந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றாள். “அம்மா, வாசல்ல நிக்கிற வண்டியப் பாத்தியா?” என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கண்ணாடி இல்லை.

அவரிடம் சொன்னேன். கண்ணாடி உடையாத வண்டி ஊரில் எத்தனை இருக்கிறது, சின்னப் பெண் பயத்தில் எதையாவது உளறும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன் ஊசி. தெரிந்ததை ஒப்புக்கொண்டால் அப்புறம் அவர் எங்கே போய் நிற்பார்?

இன்னொன்று. நேற்று முன்தினம் ஸ்பீக்கர் அக்காவும் இன்னும் நாலு பேரும் வந்தார்கள். வாலு வகுப்புக்கு வரவில்லையே என்று கேட்டார்கள். நானே வாசலுக்குப் போய், காய்ச்சல், தூங்குகிறாள் என்றேன். நீ வைத்த வழக்கப்படி அவளே வெளியே வரும்வரை அவர்கள் நின்றிருக்க வேண்டும். ஆனால் நான் அவர்களில் ஒருத்தி, எதிர்வீட்டு வாசலில் நின்றவள். “ஒன் வீட்ல நாங்க வந்து நிக்கிறதாவது” என்று ஸ்பீக்கர் அக்கா சிரித்துவிட்டு, கஷாயம் வைத்துக் கொடு என்று சொல்லிப் போய்விட்டாள். மற்ற எல்லா வீட்டிலும் நிற்பவர்கள், நம்ம ஆள் வீடு என்று நம்பிப் போய்விட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் வாலு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் அவள் என்னிடம் பேசுவதில்லை.

நீ ஸ்பீக்கர் அக்காவுக்கு எழுதிவிட்டாயா? எழுதாவிட்டால் எழுதாதே. உடுப்பைத் தைத்து வை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீ பஸ் ஏறிவிட்டாய், நான் இங்கேதான் அந்த மனிதர் முகத்தில் விழிக்க வேண்டும். உன் பையை நான் வாசலில் வைத்தது, அவர் அதைத் தெருவில் வீசுவதற்குள் எடுத்து வைத்தது. அதில் என் பழைய சால்வையும் இருந்ததே, பார்த்தாயா இல்லையா?

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

சால்வையைப் பார்த்தேன். தவறுதலாக வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இரண்டு வருஷமாக அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

ஆத்திரத்தில் வீட்டு முகவரிக்கு எழுதியது என் புத்தி கெட்ட வேலை. அதற்கு அவள் பூட்டிக் கிடக்கிறாள். ஸ்பீக்கர் அக்காவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. மாப்பிள்ளை யார் என்று தெரிந்துகொண்டு எழுதலாமென்று வைத்திருந்தேன். உன் கடிதம் வந்தபின் இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

நான் எழுதி அவர்கள் வந்தால், நீ மறுபடி வாசலுக்குப் போய்க் காய்ச்சல் என்று சொல்வாய். உன்னைத் தாண்டி அவர்கள் வர மாட்டார்கள். இந்தத் தடவை நீதான் சொல்ல வேண்டும், கொட்டகையில், எல்லோர் காதிலும் விழும்படி. ஆஸ்பத்திரிச் சுவரில் பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் கூப்பிட ஒரு எண் எழுதியிருக்கும். ஸ்பீக்கர் அக்காவுக்கு மனப்பாடம். அவள் போனிலிருந்தே கூப்பிடச் சொல்.

உன் கல்யாண உடுப்பு நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது சின்ன வயசு. அம்மா அதில் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குத் துணி விட்டுத் தைத்தாள். நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்து விடுவாள். நான்தான் நூலை உருவுவேன். மூன்றாவது தடவை பிரித்தபோது உள்ளே துணியே இல்லை. அம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். வாலு அப்போது உன் வயிற்றில் இருந்தாள். கல்யாணம் கட்டிப் போன இடத்தில் போய் நீ வளர்ந்தாய் அக்கா. நான் தையல் கற்றுக்கொண்டதே அந்த உடுப்பைப் பிரித்துத்தான். அதேபோல் இன்னொன்றை என்னால் தைக்க முடியாது. துணி மேசையில் கிடக்கிறது, வெட்டவில்லை.

உனக்குப் பயம் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. எனக்கும் பயம்தான். அந்தச் சுவர் எண்ணைத் தவிர எனக்கும் வேறு ஒன்றும் தெரியாது.

ஊசி

*

ஜூன் 24

அக்கா,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். அவன் இங்கே வந்தான்.

நேற்று முன்தினம் மத்தியானம் கடையில் நானும் காஜா அண்ணனும் மட்டும் இருந்தோம். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது அந்த உடைந்த கண்ணாடிக் கம்பிதான். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “சித்தி, உடுப்பு ரெடியா?” என்றான். நான் யாருக்குச் சித்தி என்று கேட்டேன். “இனிமே எனக்கும் சித்திதானே” என்று சிரித்தான்.

மெஷின் பழுது, நாளாகும் என்றேன். மேசையில் கிடந்த துணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். “உள்ள துணியெல்லாம் விட வேணாம். இப்ப இருக்கற அளவுக்குத் தச்சா போதும்.”

அக்கா, நீ அந்த அளவை எழுதியபோது அவள் வளர்வாள் என்று நினைத்துத்தானே எழுதினாய்? அவனுக்கு அவள் வளரவே வேண்டாம். காஜா அண்ணன் கத்தரிக்கோலைத் துடைக்கிற மாதிரி எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டுகிற நேரம் என்றார். அவன் நிதானமாக எழுந்தான். எத்தனை மணிக்குக் கடை மூடுவீர்கள், நீங்கள் எந்த வழியாக வீட்டுக்குப் போவீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை வருவானாம்.

இரண்டு நாளாகக் காஜா அண்ணனும் அவர் வீட்டம்மாவும் என்னோடு வீடு வரை நடக்கிறார்கள். எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பின் அறையில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுது.

ஊசி

*

ஜூலை 1

ஊசி,

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடி.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன. உடுப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தேன். அப்புறம் அடுத்ததைப் பிரித்தேன். அவன் சொன்ன அந்த ஒரு பேச்சு. கையிலிருந்த பாட்டில் நழுவித் தொட்டிக்குள் உடைந்தது. மேஸ்திரியம்மா திட்ட வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் ஸ்பீக்கர் அக்காவைக் கூப்பிட்டேன். நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டு அந்தக் கொட்டகை அதுவரை கேட்டதில்லை. “அவளுக்குக் காச்சல் இல்லக்கா. நாந்தான் பொய் சொன்னேன். உள்ள பூட்டி வச்சிருக்கு” என்றேன். குழாயை எல்லாம் ஒவ்வொருத்தியாக மூடினார்கள். ஸ்பீக்கர் அக்கா எப்போதும் கத்துகிறவள், அன்றைக்கு மெதுவாகப் பேசினாள். அந்த எண்ணைக் கூப்பிட்டு நம் தெருவை அடையாளம் சொன்னாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் ஈரக் கையை அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வேலை விட்டதும் எல்லோரும் என்னோடு நடந்து வந்தார்கள். மாலை வகுப்புப் பிள்ளைகளும் யூனிஃபார்மோடு வந்துவிட்டன. அவர் வாசலில் நின்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அவள் அம்மாதான் அன்றைக்கே சொன்னாளே என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் படியேறி உள்ளே போய் அவர் பக்கத்தில் நிற்பேன் என்று எதிர்பார்த்தார் ஊசி. கால் தானாக ஒரு படி ஏறியது, இத்தனை வருஷப் பழக்கம். அப்புறம் இறங்கிவிட்டேன். “அவளே வந்து சொல்லட்டும்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் நகரவில்லை. நாங்களும் நகரவில்லை. வாலுவோடு படிக்கிற பெண்கள் அவள் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து பதில் இல்லை. அப்புறம் பின் அறைக் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. கையால் இல்லை, ஏதோ கட்டையால். நிறுத்தாமல் தட்டினாள். சந்துமுனையில் அந்த வண்டி வந்து நின்றதையும் நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும், அந்த நேரத்தில் அவர் கண்ணாடி இல்லாத அந்தக் கம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். நாங்கள் கூப்பிட்ட அந்த எண்ணின் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் ஒரு போலீஸ்காரப் பெண்ணும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வண்டி போய்விட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். யார் கையிலும் கொடுக்கவில்லை. படியில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

நான்தான் திறந்தேன். வாலு என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். அத்தனை பேரையும் பார்த்து, “எனக்கு வேணாம். நான் படிக்கணும்” என்றாள். அப்புறம் திரும்பி என்னிடம், “இப்ப மட்டும் ஏம்மா வந்த?” என்றாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அலுவலகத்து அம்மா, கல்யாணம் நடத்த மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிடங்கில் மாமாவுக்கு வேலை போய்விட்டது. அவர் வீட்டில்தான் இருக்கிறார், பேசுவதில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்கே தெரியவில்லை. நானும் வாலுவும் ஸ்பீக்கர் அக்கா வீட்டில் படுக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு அவள் தனியாகப் போவதில்லை, பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள், கொட்டகையிலிருந்து ஒருத்தி முறை வைத்துப் பின்னால் போகிறாள். சாயங்காலம் அந்த வண்டி இன்னும் சந்துமுனைக்கு வருகிறது. நிற்கிறது, போகிறது. நேற்றுப் பார்த்தேன், புதுக் கண்ணாடி மாட்டியிருக்கிறான்.

நீயும் தனியாக நடக்காதே. வெள்ளிக்கிழமை அவன் வந்தானா என்று எழுது. காஜா அண்ணனுக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் என் நமஸ்காரம் சொல்.

வாலு இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இன்று காலை மட்டும் தானாக வந்து முதுகைக் காட்டி நின்றாள். யூனிஃபார்ம் தோளில் பிடிக்கிறதாம். பூட்டிக் கிடந்த நாளிலும் அவள் வளர்ந்திருக்கிறாள் ஊசி. அளவு எடுத்தேன், தோள் பன்னிரண்டே முக்கால்.

அந்தக் கல்யாணத் துணியை என்ன செய்வாயோ செய். அவளுக்கு இரண்டு யூனிஃபார்ம் சட்டை தைத்து அனுப்பு. இடது தோள் இறக்கம், மறந்துவிடாதே. உள்ளே நிறையத் துணி விடு.

அக்கா